மணல் சமன்செய்யப்பட்ட விதம்

"எனக்குச் சண்டை போட இங்கிலீஷ் வேணும், டீச்சர்," என்றார் சந்தனமாரி.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஆங்கில வகுப்பு நடத்திவந்தார் பெனாசிர். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பத்திரண்டு.

சந்தனமாரிக்குத் தபால் நிலையத்தில் வேலை. மூத்தோர் தடகளத்தில் நீளம் தாண்டுகிறவர். மாநிலத்தில் ஜெயித்து, தேசத்தில் ஜெயித்து, போன வருடம் முதல்முறையாக வெளிநாட்டுக்குப் போனார். அங்கே அவருடைய மிக நல்ல தாண்டலுக்குச் சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள். மிதித்துத் தாவும் பலகையைத் தன் கால் கடக்கவே இல்லை என்று அவருக்கு நிச்சயம்.

அப்போது என்ன சொன்னீர்கள் என்று பெனாசிர் கேட்டார்.

"யூ சீட்டட்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"அந்த நடுவர் என்ன செஞ்சார்?"

"முதுகைத் திருப்பிக்கிட்டார்."

பெனாசிர் எழுந்து போய் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினார். பிறகு முதல் சொல்லை மட்டும் விரலால் அழித்தார்.

"நீங்க-ங்கிறதை எடுத்தாச்சு. இப்போ சொல்லுங்க."

"ஆளே இல்லாம எப்படிச் சொல்ல முடியும்?"

"நாளைக்கு வாங்க, அக்கா."

சந்தனமாரி படியிறங்கும்போது, பணத்தை வீணாக்கிவிட்டோமோ என்று நினைத்தார்.

மறுநாள் செயப்பாட்டு வினை ஆரம்பித்தது. கடிதம் எழுதப்பட்டது. கதவு பூட்டப்பட்டது. கொடி காட்டப்பட்டது. ஆங்கிலத்திலும் அப்படித்தான், செய்தவர் பெயரைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும் என்றார் பெனாசிர்.

சந்தனமாரிக்கு அது பொறுக்கவில்லை. செய்தவனைத் தப்பவிடுவதற்கு ஓர் இலக்கணமா என்று கேட்டார். "பட்டது பட்டதுன்னு சொல்லுதீங்க. பட்டவ நான்லா டீச்சர்?"

பெனாசிர் பிளாஸ்கைத் திறந்து இரண்டு டம்ளர்களில் டீ ஊற்றினார். ஒன்றில் விளிம்புவரை, ஒரு சொட்டுச் சிந்தாமல். இன்னொன்றில் எங்கோ பார்த்துக்கொண்டே ஊற்றினார். டீ வழிந்து மேசையில் ஓடி, சந்தனமாரியின் சேலை நுனியை நனைத்தது.

"சொல்லுங்க," என்றார்.

"நீங்க சிந்திட்டீங்க."

"மேசை ஆடுது. டம்ளரும் வளைஞ்சது. நீங்க வேற எதிர்ல கையை ஆட்டிக்கிட்டு இருந்தீங்க."

சந்தனமாரி டம்ளரைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மேசையை அசைத்துப் பார்த்தார். அது ஆடவில்லை.

"மறுபடி சொல்லுங்க. நான் இந்த ரூம்லயே இல்ல. இங்க இருக்கிறது ரெண்டு டம்ளர்தான்."

தடுமாறித் தடுமாறி அவர் ஆங்கிலத்தில் சொன்னார். இந்த டீ, அந்த டீயைவிட, 'லெஸ் கேர்ஃபுல்' ஊற்றப்பட்டது.

"கேர்ஃபுலி," என்று திருத்தினார் பெனாசிர். "கேர்ஃபுல்னா ஆளைச் சொல்லுது. கேர்ஃபுலின்னா வேலையைச் சொல்லுது. அந்த 'லி'யை விட்டுடாதீங்க."

"திஸ் டீ வாஸ் போர்டு லெஸ் கேர்ஃபுலி."

பெனாசிர் முதல் டம்ளரைப் பார்த்தார். இரண்டாவது டம்ளரைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் துணி எடுத்துவந்து மேசையைத் துடைத்தார். சிந்திய டம்ளரைக் கழுவிப் புதிதாக ஊற்றி, சந்தனமாரியின் பக்கம் நகர்த்திவைத்தார்.

அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

அதன்பிறகு சந்தனமாரி பார்த்ததையெல்லாம் அப்படியே சொல்லிப் பழகினார். இந்த முத்திரை அதைவிடத் தெளிவாகக் குத்தப்பட்டிருக்கிறது. இன்றைய குழம்பு நேற்றையதைவிட அவசரமாக வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கேட்ட அவர் கணவர், வைத்தது தான்தான் என்று தானாகவே ஒப்புக்கொண்டார். 'மோர் பெட்டர்' என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னபோது, சோற்றின்மேல் சோற்றையே குழம்பாக ஊற்றிச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார் பெனாசிர். சந்தனமாரி சிரித்துவிட்டார். அந்தத் தவறு பிறகு வரவில்லை.

ஆனால் கோபம் மட்டும் போகவில்லை. விமானம் ஏறும் நாளிலும் அது நெஞ்சுக்குள் இருந்தது.

இந்த முறை போட்டி வேறொரு நாட்டில், கடலோர நகரம் ஒன்றில். காலையில் பெய்த மழையில் மணல்குழி ஈரமாகிக் கறுத்துக் கிடந்தது. தாண்ட வந்த பெண்களில் பாதிப்பேர் பாட்டிகள். யாரும் பாட்டியைப்போலத் தாண்டவில்லை.

கடைசிச் சுற்று. நெட்டையான ஒரு பெண் முன்னணியில் இருந்தாள். மற்றவர்கள் எல்லாம் தாண்டி முடித்தாயிற்று; சந்தனமாரிக்கு மட்டும் ஒரே ஒரு தாண்டல் பாக்கி.

குழியருகே வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு நடுவர் நின்றார். மணலைச் சமன்செய்யும் உதவியாளரை யாரோ அழைத்துப் போய்விட்டார்கள். நேரம் போகிறது என்று நடுவரே பல் வைத்த மணல்வாரியை எடுத்து அவசரமாக இரண்டு இழுப்பு இழுத்தார். தள்ளி நின்று சந்தனமாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டலாம் என்று சைகை வந்தது.

ஓடினார். பலகை காலுக்குச் சரியாக வந்து சேர்ந்தது. காற்றில் இருந்தபோதே தெரிந்துவிட்டது, இந்த வருடத்தில் இதுதான் நல்ல தாண்டல் என்று. மணலில் விழுந்து, முன்பக்கமாகவே எழுந்து வெளியே வந்தார்.

கொடி வெள்ளை, தாண்டல் செல்லும். அளவு நாடாவை இழுத்தார்கள். எண் வந்தது.

குறைவு. நாலாவது இடம்.

அவர் திரும்பிக் குழியைப் பார்த்தார். அவருடைய குதிகால்கள் பதிந்த இடம் தனியாகத் தெரிந்தது. அதற்கு ஒரு முழம் பின்னால், பலகைப் பக்கமாக, ஒரு பழைய பள்ளம் இருந்தது. நாடாவின் நுனி அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது.

நடுவர் மறுபடி வாரியை எடுத்தார். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாம் அழிந்துவிடும்.

சந்தனமாரியின் தொண்டைவரை அந்தப் பழைய சொல் வந்தது. நீ. நீதான் வாரினாய். நீதான் தப்பாக அளந்தாய். சொன்னால் தொப்பி திரும்பிக்கொள்ளும், முதுகுதான் தெரியும். வாரி தன் வேலையைச் செய்துவிடும்.

கையை உயர்த்தினார்.

"சார், ஒன் மினிட்."

வாரி நின்றது.

"பிஃபோர் மை ஜம்ப், தி சாண்ட் வாஸ் லெவல்டு லெஸ் கேர்ஃபுலி."

என் தாண்டலுக்கு முன் மணல் அவ்வளவு கவனமாகச் சமன்செய்யப்படவில்லை. நடுவர் புருவத்தை உயர்த்தி, எதைவிட என்று கேட்டார்.

"தேன் ஃபார் ஹெர் ஜம்ப்," என்று நெட்டைப் பெண்ணைக் காட்டினார் சந்தனமாரி. பிறகு குழியைக் காட்டினார்.

நடுவர் வாரியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார்.

பள்ளத்தின் குறுக்கே வாரியின் பற்கள் போட்ட கோடுகள் போயிருந்தன. வாரி இழுக்கப்படுவதற்கு முன்பே இருந்த பள்ளம் அது. சந்தனமாரியின் தடத்திலோ கோடுகள் அறுந்திருந்தன. இது வாரியதற்குப் பிறகு பதிந்தது. குழந்தைக்குக்கூடப் புரியும்.

வெள்ளைத் தொப்பிக்காரர் அந்தக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தலைமை நடுவரை அழைத்தார். இருவரும் பேசினார்கள். தலைமை நடுவரும் குந்தினார்.

வெள்ளைத் தொப்பிக்காரர் தன் கையாலேயே நாடாவின் நுனியை எடுத்து, சந்தனமாரியின் குதிகால் தடத்தில் வைத்தார். அதைக் கொஞ்சமும் நகர்த்தாமல், பலகைப் பக்கம் நின்றவரிடம் இழுக்கச் சொன்னார்.

எண் மாறியது. முதல் இடம்.

நெட்டைப் பெண்தான் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்று சந்தனமாரிக்குப் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை. யாரோ தேசியக் கொடியைத் தோளில் போட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், மணல் ஒட்டிய கால்களோடு அந்த மைதானத்தை ஒரு முழுச் சுற்று ஓடினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கோபம் எந்த வளைவில் கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

மேடையில் ஏறித் தங்கத்தை வாங்கி, தேசிய கீதம் முடிந்து இறங்கியபோது வெள்ளைத் தொப்பிக்காரர் காத்திருந்தார். தொப்பி இப்போது கையில் இருந்தது.

வாழ்த்துச் சொன்னார். பிறகு, எளிய ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அந்த மணலை யார் வாரினார்கள் என்று நீங்கள் பார்க்கவில்லையா?

பார்த்தேன் என்றார் சந்தனமாரி.

"பிறகு ஏன் நான்தான் என்று சொல்லவில்லை?"

சந்தனமாரி வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை கட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நீங்கள்தானே மறுபடி அளக்க வேண்டியிருந்தது," என்றார்.