ரசம் அடுக்களையில் இருக்கிறது

“ஈக்குவாலிட்டின்னா என்னம்மா?” என்று அம்பலவாணன் கேட்டார்.

அவருக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. ஊர் ஊராகப் போய் அந்தச் சொல்லை விளக்குவதுதான் அவர் தொழில். பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் கோடு போட்டு, “இதை வைத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள்” என்பார். சமத்துவம் என்றால் கூட்டம் தலையாட்டும். ஈக்குவாலிட்டி என்றால் கைதட்டும். அதனால் அவர் பெரும்பாலும் ஈக்குவாலிட்டி என்றே சொல்வார்.

சிலர் கேள்வி கேட்பதே, ‘நீங்களே சொல்லுங்களேன்’ என்று எதிரில் இருப்பவர் கெஞ்சட்டும் என்றுதான்.

வெள்ளையம்மை கெஞ்சவில்லை.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

வெள்ளையம்மையின் மடம் குன்றின் மேல் இருந்தது. மேகம் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போகும். அங்கே யார் வந்தாலும் முதலில் குரல் வரும், பிறகுதான் முகம் வரும். போய்த் திரும்பியவர்களிடம் ‘அங்கே என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாமல் விழிப்பார்கள்.

வெள்ளையம்மைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அறுபதைத் தாண்டிய அம்பலவாணன் அவரைக் குருவாக ஏற்றுப் பல வருஷம் ஆகிறது. ‘என்னைவிட இளையவர், ஒரு பெண், அவர் காலில் நான் விழுகிறேன்’ என்று மேடையில் சொல்வார். அதற்கும் கைதட்டு உண்டு.

ஆனால் இன்று அவர் மலையேறியது ஞானத்துக்காக இல்லை.

அவர் மனைவி தையல்நாயகி, போன வாரம் ஒரு மஞ்சள் பையோடு இங்கே வந்தவர், திரும்பி வரவில்லை. சண்டை கிண்டை எதுவும் இல்லை. காலையில் காபி கொடுத்தார், இட்லி வைத்தார், கிளம்பி வந்துவிட்டார்.

அவரைக் கூட்டிப்போக வந்திருந்தார் அம்பலவாணன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தார். பயத்தை அப்படியே கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் ஈக்குவாலிட்டி என்று கேட்டார்.

“சாப்பிடலம்மா. ஆனா கேள்வி...”

“அந்தச் சொல்ல வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்களேன்,” என்றார் வெள்ளையம்மை.

அம்பலவாணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க வீட்ல ஈக்குவாலிட்டி உண்டு. என் மனைவிக்கு நான் அதக் குடுத்திருக்கேன்.”

“எங்கேருந்து எடுத்துக் குடுத்தீங்க?”

அவர் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“அது வந்தும்மா... எங்க தெருவுல எல்லா வீட்லயும் ஆம்பளைங்க சாப்பிட்ட பிறகுதான் பொம்பளைங்க சாப்பிடுவாங்க. நான் அப்படி இல்ல. கல்யாணமான நாள்லேருந்து, ‘தையலு, நீயும் உக்காரு, சேந்து சாப்பிடலாம்’னுதான் சொல்லுவேன். ஒரு நாள்கூடச் சொல்லாம இருந்ததில்ல.”

“உக்காருவாங்களா?”

“உக்காருவா. ஆனா உடனே எந்திரிச்சிடுவா. உக்காரும்பேன். உக்காருவா. மறுபடி எந்திரிப்பா. ஒரு எடத்துல நிலையா உக்காரத் தெரியாதும்மா அவளுக்கு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

வெள்ளையம்மை கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அது வழக்கம். யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று யாருக்கும் தெரியாது.

“உக்காந்துதான் இருக்காங்க இங்க,” என்றார் கண் திறக்காமலே. “போய்ப் பாருங்க.”

தையல்நாயகி மடத்துப் பின்பக்கத்தில், பலா மரத்தடியில், ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் வேலை எதுவும் இல்லை. மடியில் முறம் இல்லை, கீரை இல்லை. அம்பலவாணன் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. முதலில் வேறு யாரோ என்று நினைத்துவிட்டார்.

“தையலு.”

“வாங்க,” என்றார் அவர். எழுந்திருக்கப் போனவர், ஏனோ எழுந்திருக்கவில்லை.

“உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“நல்லா இருக்கேங்க. நல்லாத் தூங்குறேன்.”

“வீட்ல தூங்க மாட்டியா?”

“தூங்குவேன். ஒரு காதைத் தெறந்து வச்சுக்கிட்டுத் தூங்குவேன். இங்க ரெண்டு காதும் தூங்குது.”

மேகம் ஒன்று பலா மரத்தைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரம் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியவில்லை. முகம் தெரியாதபோது பேசுவது அம்பலவாணனுக்குச் சுலபமாக இருந்தது.

“நான் என்ன தப்புப் பண்ணினேன், தையலு?”

“நீங்க ஒண்ணும் பண்ணலீங்க.”

“அப்ப வீட்டுக்கு வா. சாயங்கால வண்டிக்குப் போயிடலாம். அத விட்டா இன்னிக்கு வேற வண்டி கெடையாது.”

மேகம் போய்விட்டது, தையல்நாயகியின் முகமும் தெரிந்தது, பதில் மட்டும் வரவில்லை.

“சாப்பிட்டுட்டுச் சொல்றேன்,” என்றார் கடைசியில்.

முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவர் ‘சொல்றேன்’ என்கிறார். அப்படியானால் பதில் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இதற்கு முன் எந்தக் கேள்விக்கும் அவரிடமிருந்து இரண்டு பதில் வரலாம் என்று அம்பலவாணன் நினைத்ததில்லை.

மடத்தில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் கீழே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இருந்தது மூன்று பேர்தான்.

வெள்ளையம்மையே கூடத்தில் மூன்று இலை போட்டார். சோறு வைத்தார். ஓரத்தில் ஒரு பொரியல் வைத்தார். பிறகு தன் இலை முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“ரசம் அடுக்களையில இருக்கு,” என்றார்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கூடத்துக்குப் பொதுவாகச் சொன்னார்.

தையல்நாயகி எழுந்தார்.

“எங்கம்மா போறீங்க?” என்றார் வெள்ளையம்மை.

“ரசம் கொண்டாரேன்.”

“உங்களுக்கு வேணுமா?”

தையல்நாயகி பாதி எழுந்தபடி நின்றார். யோசித்தார். இந்தக் கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டதா என்று ஒரு முறை திரும்பிக்கூடப் பார்த்தார்.

“தெரியலீங்கம்மா.”

“தெரிஞ்சதும் எந்திரிங்க.”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

“அதான் நானும் சொல்றேன்,” என்றார் அம்பலவாணன், மகிழ்ச்சியாக. “உக்காரு தையலு. இங்க எல்லாரும் சமம்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

வெள்ளையம்மை கண்ணை மூடிக்கொண்டார். தையல்நாயகி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்தது. முதலில் எதிர்ச் சுவர் போயிற்று. பிறகு தூண்கள் போயின. பிறகு வெள்ளையம்மை போனார். இலையும் அதன் மேல் வெள்ளையாகச் சோறும் மட்டும் மிச்சம் இருந்தன.

அம்பலவாணனுக்குப் பசித்தது. ரசம் அடுக்களையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். யாராவது எழுந்திருப்பார்கள். எப்போதும் யாராவது எழுந்திருப்பார்கள்.

புடவை சரசரத்தது.

அப்பாடா என்று திரும்பிப் பார்த்தார். தையல்நாயகி அசையாமல் பக்கத்தில்தான் இருந்தார்.

எழுந்தது, அவருக்கு அப்பால் உட்கார்ந்திருந்த இன்னொரு தையல்நாயகி. கல்யாணமான புதிதில் கட்டிய அரக்குப் புடவை. இலையை விட்டு எழுந்து மேகத்துக்குள் போனார்.

அவருக்கு அப்பால் ஒருவர், வயிற்றில் பிள்ளையோடு, கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். அவரும் தையல்நாயகிதான்.

அதற்கு அப்பால் ஒருவர், காய்ச்சலில், காதை மூடித் துணி கட்டிக்கொண்டு எழுந்தார். அதற்கு அப்பால் ஒருவர், மூட்டு வலி வந்த பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பந்தி மேகத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. முடிவு தெரியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒவ்வொரு இலையிலும் பிசைந்த சோறு ஆறிக் கிடந்தது.

ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ஒரு அம்பலவாணன் உட்கார்ந்திருந்தார்.

“உக்காரேன் தையலு, உக்காரேன்,” என்று சொல்லிக்கொண்டே எல்லா அம்பலவாணன்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்பான குரல்தான். பொய் இல்லாத குரல்தான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அம்பலவாணன் எழுந்தார்.

அடுக்களை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் வந்து போகிறார், அந்தப் பக்கம் போனதில்லை. வாசனையைப் பிடித்துக்கொண்டு போனார். நிலையில் தலையை இடித்துக்கொண்டார். அடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் ஈயச் சொம்பு இருந்தது. வெறும் கையால் எடுக்கப் போய், சுட்டு, உதறி, மூக்கைச் சுருக்கி, பிறகு தோளில் இருந்த துண்டைச் சுற்றித் தூக்கினார். அது போன மாதம் ஒரு மேடையில் போர்த்திய துண்டு. நல்ல பட்டு.

கூடத்துக்குத் திரும்பினார். மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. பந்தி எல்லாம் போய், மூன்று இலை மட்டும் இருந்தன.

முதலில் வெள்ளையம்மைக்கு ஊற்றப் போனார். அவர் சோற்றில் குழி பறித்து வைத்திருந்தார். ரசம் அதற்குள் இறங்கியது. கையைக் குறுக்கே காட்டினார். அம்பலவாணன் நிறுத்தினார். இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து மனைவியின் இலைக்கு வந்தார். குனிந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு கீழே குனிய வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

தையல்நாயகி சோற்றில் குழி பறித்திருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சொம்பிலிருந்து ரசம் விழுவதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்பலவாணன் ஊற்றினார்.

ரசம் சோற்றின் மேல் விழுந்து நான்கு பக்கமும் இறங்கியது. அவர் மனைவியின் கையைப் பார்த்தார். கை மடியிலேயே இருந்தது. இன்னும் ஊற்றினார். பொரியல் நனைந்தது. தக்காளித் துண்டு ஒன்று இலையின் விளிம்புக்கு வந்து நின்றது. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இன்னும் ஊற்றினார். ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது, புடவைக் கரையைத் தொட்டது.

“போதும்னு சொல்லக் கூடாதா?” என்றார் அம்பலவாணன், பதறிப்போய்.

“நான் சொல்லணுமா?”

“நீதானே சொல்லணும். நீ சொன்னாத்தானே நான் நிறுத்துவேன்?”

தையல்நாயகி தலை நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். “இதுவரைக்கும் எனக்கு யாரும் ஊத்தினதில்லையே.”

அம்பலவாணன் சொம்போடு நின்றார். சொம்பு சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்க வேண்டிய துண்டு சொம்பைச் சுற்றியிருந்தது.

மலையடிவாரத்தில் வண்டியின் ஹாரன் கேட்டது. மேகத்துக்குள் அது வெகு தூரத்தில், வேறு யாருக்கோ அடிப்பதுபோல் இருந்தது.

“கெளம்பப் போறான்,” என்றார் வெள்ளையம்மை, சோற்றைப் பிசைந்தபடி. “கேக்க வேண்டியத இப்பக் கேட்டாத்தான் உண்டு.”

அம்பலவாணன் வாயைத் திறந்தார். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த ‘வீட்டுக்கு வருவியா?’ என்ற கேள்வி தொண்டை வரை வந்தது.

ஹாரன் இன்னொரு முறை அடித்தது.

அவர் இலையைப் பார்த்தார். சோறெல்லாம் ரசத்தில் மிதந்தது.

“இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?” என்று கேட்டார்.

தையல்நாயகி இலையைப் பார்த்தார். வயிற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிதானமாக யோசித்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. கீழே வண்டி புறப்படும் சத்தம் கேட்டு, தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

பிறகு, விரலால் சோற்றை ஒதுக்கி இலையில் இடம் பண்ணினார்.

“போடுங்க,” என்றார். “போதும்கிறப்ப நான் சொல்றேன்.”