சிரவி ஏன் வட்டமிடுகிறது

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதரைப் போலப் பேசித் திரிந்த நாட்களில், ஒரு தை மாத விடியல். சூரியன் எழ இன்னும் ஒரு நாழிகை இருந்தது. ஏரியின்மேல் மூடுபனி படிந்திருந்தது, காற்று அசையவில்லை.

அப்போது சிரவி வாத்துகளிடையே ஒரு முறை இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் சென்று நீரைப் பார்ப்பார். ஆபத்து இல்லையென்றால் சீழ்க்கையடிப்பார். அதைக் கேட்டதும் மற்றவை எதுவும் கேளாமல் நேரே இறங்கிவிடும்.

இதைக் கவனித்த வேடன் செவந்தான், நாணல் தண்டில் ஓர் ஊதல் செய்து சிரவியின் குரலைப் பழகினான். ஆனால் மூன்று நாட்களாக ஒரு பறவையும் இறங்கவில்லை. அவன் மனைவி பூவாயிக்குச் சிரிப்பு வந்தது.

"நீ என்ன கல்யாண மேளமா வாசிக்கிறே? இரை தின்கிற பறவை இப்படி ஓயாம கத்துமா? அதுங்க விலகிப் போனா ஊது. நம்ம பக்கம் திரும்பிட்டா மூச்சுக்கூட விடாதே."

நான்காம் நாளான அந்த விடியலில், நீரைப் பார்க்க முன்னால் வந்த சாம்பன் என்ற சிரவி, கோரைக்குள் விரித்திருந்த வலையில் சிக்கினான். செவந்தான் அவன் அலகை நாரால் கட்டிவிட்டு, அளவாக விட்டுவிட்டு ஊதினான்.

மேலே, சாம்பனின் மனைவி நெட்டைச்சி முப்பது பறவைகளோடு வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணன் கூப்பிட்டாச்சு, இறங்குவோம் மதினி. இறக்கை கழண்டு விழுது" என்றான் சாம்பனின் தம்பி.

அவள் தாழ்ந்தாள். உடனே சீழ்க்கை நின்றது. கீழே பனியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. முறையை மீறி அவள் கேட்டாள்:

"ஏங்க, தண்ணி எம்புட்டு ஆழம்?"

பதில் இல்லை.

"சண்டை போட்ட அன்னைக்குக்கூட அவரு பதில் சொல்லாம இருந்ததில்லையே" என்றாள்.

"வாய் நிறைய இரை இருக்கும் மதினி."

"அப்ப முதல்ல எப்படிக் கூப்பிட்டாரு?"

அவள் கூட்டத்தைத் திருப்பினாள். விலகியதும் சீழ்க்கை எழுந்தது. நெருங்கியதும் அடங்கியது. இன்னொரு வட்டம் வந்தாள், மீண்டும் அப்படியே.

"போனா கூப்பிடுது, வந்தா வாயடைச்சுப் போகுது. இது அவரு இல்லை. யாரும் இறங்காதீங்க."

"அப்ப அண்ணன் எங்கே?"

நெட்டைச்சி கூட்டத்தை மேற்கே இழுத்துச் சென்றாள்.

மறுநாள் காலை செவந்தான் புது நாணல் நறுக்கினான். பூவாயி ஒற்றைப் பறவையின் கறியை அடுப்பில் ஏற்றினாள். நெட்டைச்சி தனியாக அந்த ஏரிக்குத் திரும்பி, சாம்பன் எங்கே என்று சீழ்க்கையடித்துக் கேட்டபடியே நீரின்மேல் வட்டமிட்டாள்.

அன்று முதல்தான் சிரவிகள், அழைப்புக் கேட்டாலும் சட்டென்று இறங்காமல் நீரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கின்றன. பறக்கும்போதும் ஒன்றையொன்று எங்கே என்று விடாமல் சீழ்க்கையடித்துக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.