குழிக்குள் இருந்த கல்

வருஷக்கணக்கில் ஒரே சுற்று என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? செங்கமலத்துக்கு வந்தது. ஆற்றுப் பாறையின்மேல் சிலம்பக் கம்பை டொக்கென்று போட்டாள்.

"இனி இதைத் தொட மாட்டேன், வாத்தியாரே."

வாத்தியார் மாசாணம் அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் கம்பைப் பொறுத்தவரை அவர் குரு, அவள் சிஷ்யை.

"என்னக்கா ஆச்சு?"

"இன்னும் என்ன ஆகணும்? எனக்குப் பின்னால வந்த பொடிசெல்லாம் ஜோடி போட்டுக் கம்புச் சண்டை கட்டுது. நான் மட்டும் கம்பைச் சுத்திக்கிட்டே நிக்கிறேன். இந்த லட்சணத்துல நாளைக்குக் கோயில் கொடைக்கு என் பேரையும் கொடுத்திருக்கீங்க. ஊருக்கு முன்னாடி மானம் போயிடும்."

அந்த ஊர்க் கொடைத் திருவிழாவில் ஒரு வழக்கம். ஒருவர் நடுவில் நின்று கம்பு சுற்றுவார். கூட்டம் நாலு பக்கமும் நின்று கூழாங்கல் எறியும். ஒரு கல் மேலே பட்டாலும் தோல்விதான்.

மாசாணம் பாறையில் இருந்த குழியைக் காட்டினார். உரல் மாதிரி வட்டமான, ஆழமான, தண்ணீர் தேங்கிய குழி.

"இதை யாருக்கா தோண்டியிருப்பா?"

"எவனோ கெட்டிக்காரக் கல்தச்சன்."

"கையை விட்டுப் பாருங்க. அவன் உள்ளதான் இருக்கான்."

தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். கை நிறையக் கூழாங்கற்கள் வந்தன. எல்லாம் வழுவழு உருண்டை.

"இதுங்களா?"

"வெள்ளம் வந்தா தண்ணி இங்க சுழியும். உருண்டு வர்ற கல்லு பள்ளத்துல மாட்டிக்கும். வெளியேற வழியில்ல. தண்ணி சுத்தும், அதுவும் கூடச் சுத்தும். பாறையும் தேயும், கல்லும் தேயும். அது மணலாப் போயிட்டா ஆறு வேற கல்லைக் கொண்டாந்து போடும்."

"ஐயோ பாவம். அதுக்கும் என் கதிதான்."

மாசாணம் அந்தக் கற்களோடு குழியிலிருந்து இன்னும் பல கை அள்ளி, வேட்டி மடியில் கட்டிக்கொண்டு தள்ளிப் போனார்.

"கம்பை எடுங்க."

"மாட்டேன்."

சுரீரென்று தோளில் ஒரு கல் பட்டது.

"அடப்பாவி!" என்று கம்பை எடுத்தாள். வாத்தியார் என்பதே மறந்துவிட்டது.

அடுத்த கல் வந்தது. டக்! அதற்கடுத்தது. டக்! மாசாணம் இடது பக்கம் ஓடி எறிந்தார், பின்னால் போய் எறிந்தார், இரண்டு கையாலும் வாரி எறிந்தார். ஒன்றுகூட அவள் முந்தானையைத் தொடவில்லை. தூரத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு விசில் அடித்தார்கள். கடைசிக் கல் கம்பில் பட்டுத் தெறித்து, குழித் தண்ணீருக்குள்ளேயே போய் விழுந்தது.

செங்கமலத்துக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நாளைக்கு வரட்டும்! ஊரே சேர்ந்து எறியட்டும், பாத்துக்கிடுறேன்!" என்று ஆறே அதிரக் கத்தினாள். பிறகு கம்பை ஒரு தரம் பார்த்தாள்.

"ஆமா, இது எனக்கு எப்ப வந்துச்சு, வாத்தியாரே?"

மாசாணம் காலி மடியை உதறிக் கட்டினார்.

"இந்தக் குழி எந்த வெள்ளத்துல விழுந்துச்சுன்னு நீங்க சொல்லுங்கக்கா. நான் அதைச் சொல்றேன்."