பின்வாசல் பூசணிக்காய்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனி. ஆட்கள் டீ குடிக்க நழுவுகிறார்கள் என்று முதலாளி குணசீலன் பின்வாசலைப் பூட்டிவிட்டார்.

கூட்டிப் பெருக்கும் பேச்சித்தாய் விடவில்லை. “மொதலாளி, அமோனியா குழாய் முன்வாசல் பக்கம் இருக்கு. அது வெடிச்சா பின்னாலதான் ஓடணும். பூட்டை எடுத்துருங்க.”

“எங்க அப்பா காலத்துலருந்து வெடிக்கலையே! அந்த வாசல் வழியா ஓடிப் பிழைச்ச ஒருத்தனைக் காட்டு, எடுக்கேன்.”

“சரி மொதலாளி” என்று போய்விட்டாள்.

மாதங்கள் பல கழிந்து ஆயுத பூஜை வந்தது. இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. நல்ல நேரம் முடியப் போகிறது, திருஷ்டிப் பூசணிக்காயைக் காணோம்.

“பின்வாசலுக்கு வெளியே வச்சிருக்கேன் மொதலாளி. சுத்திப் போயி எடுத்துட்டு வரவா?” என்றாள் பேச்சித்தாய்.

“எதுக்குச் சுத்தணும்? சாவி என்கிட்ட இருக்கு!”

கொத்தில் எது அந்தச் சாவி என்று தெரியவில்லை. கண்டுபிடித்துப் போட்டால் திரும்பவில்லை. உப்புக்காற்றில் பூட்டு துருவேறிக் கிடந்தது. எண்ணெய் விட்டார்கள். சுத்தியலால் அடித்தார்கள். ஒருவழியாகப் பூட்டு உடைந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது.

வியர்த்து நின்றவரிடம் பேச்சித்தாய் சொன்னாள்: “ஓடிப் பிழைச்சவனைக் காட்டச் சொன்னீங்களே மொதலாளி. நல்ல நேரத்துலயே திறக்காத கதவு, கெட்ட நேரத்துலயா திறக்கும்?”

ராகுகாலம் கழிந்ததும் முதலாளி பூசணிக்காயை அந்த வாசலில்தான் உடைத்தார். புதுப் பூட்டு வாங்கச் சொல்லவே இல்லை.