அர்த்தநாரி தைத்த மேகம்

அர்த்தநாரி சொல்றதுல பாதியைத் தள்ளிட்டு மீதியை நம்பலாம்னு நாமக்கல்லுல சொல்லுவாங்க. நான் மீதியையும் தள்ளிருவனுங்க. அந்தாளு லாரித் தார்ப்பாய் தைக்கறவரு. பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாயி.

நான் பூங்கோதையக்கா லாரிக்கு டிரைவரு. புருசன் போனதுக்கப்பறம் அவங்களுக்குப் பொழப்பே அந்த ஒத்த லாரிதான். அன்னைக்கு தாவணகெரெயில இருந்து மக்காச்சோளம் ஏத்திட்டு வந்தேன். வழியில தார்ப்பாயோட தையல் மூட்டு நெடுக விட்டுப்போச்சு. நனைஞ்ச சோளத்தைத் தீவன மில்லுல எறக்க விடமாட்டாங்க. கெழக்க மானம் கறுத்துக்கிட்டு வருது. அக்காவைப் போன் போட்டு வரச்சொல்லி, ரெண்டு பேருமா அர்த்தநாரி கடையில தார்ப்பாயை எறக்கினோம்.

அங்க புதுசா ஒரு தையல் மிஷின் நின்னுச்சு. புதுசுன்னா பழசுதான். கன்னுக்குட்டி கணக்கா ஒசரம், கறுப்பு, பளபளன்னு.

"மிஷினு எப்பண்ணா வாங்குனீங்க?" வாய் தவறிக் கேட்டுட்டேன். பக்கத்துப் பஞ்சர் கடை நாச்சிமுத்து என்னைப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டாரு.

"வாங்கறதா? மீட்டேன்னு சொல்லு," அப்படின்னு அர்த்தநாரி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டாரு. "சேலத்துல பழைய இரும்புக் கடையில கெடந்துது. ஒரே துரு. கடைக்காரன் பாறைன்னு நெனச்சு அதுல எருமை கட்டி வெச்சிருந்தான். நான் தட்டிப் பாத்தேன். உள்ளயிருந்து மிஷின் மொனகுது! தூக்கியாந்து மண்ணெண்ணெயில மூணு மாசம் ஊறப் போட்டேன். கழண்ட துரு மட்டும் ரெண்டு லாரி லோடு. அதை உருக்கித்தான் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாசல் கேட்டு அடிச்சாங்க."

"எந்த மண்டபம்?" நாச்சிமுத்து கேட்டாரு.

"கேட்டு போட்டதுல இருந்து பூட்டியே கெடக்குது, உனக்குத் தெரியாது. இது கனத்த துணி தைக்கற மிஷினு, அம்மணி. ஊசியோட சேந்து, துணியை அமுக்கற மேல்காலும் நடக்கும். எண்ணெய் விட்ட மொத நாளு, நடந்து வாசப்படி எறங்கிருச்சு! திருச்செங்கோட்டு ரோட்டுல ஓடிப் புடிச்சு, சங்கிலி போட்டுக் கட்டி வெச்சேன்."

"அண்ணா, மானத்தைப் பாருங்க," அக்கா சொன்னாங்க. "மொதல்ல தையுங்க."

"தைக்கறேன், தைக்கறேன். மோட்டாரு எதுவும் தாங்கலை. கடைசியில லாரி எஞ்சினை மாட்டினேன். பதினாறு மடிப்புத் தார்ப்பாயை வெச்சு ஒரே மிதி. தார்ப்பாய், மேசை, சிமிட்டித் தரை எல்லாத்தையும் சேத்துத் தச்சிருச்சு. ஊசியை உருவினா, ஓட்டையில தண்ணி பீச்சி அடிக்குது. இந்தத் தெருவுக்கு இன்னைக்கும் அதுதான் போரு."

"அது பஞ்சாயத்துல போட்டது. நாந்தான் பைப்பு தூக்கினேன்," நாச்சிமுத்து சொன்னாரு.

"பைப்பு தூக்கின. ஓட்டை யாரு போட்டா? கொல்லிமலை ரோடு இருக்குதே, முன்னயெல்லாம் நேராத்தான் இருந்துது. ஓரம் பிஞ்சுபோச்சுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. தச்சேன். முடிச்சுப் போடறப்ப நூலைக் கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன். ரோடு சுருங்கிருச்சு. எழுபது வளைவு!"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலயே அந்த வளைவு இருக்குதே!" நாச்சிமுத்து விடலை.

"நீ லேட்டாப் பொறந்ததுக்கு நான் என்ன பண்றது? அட, அதைவிடு. போன ஐப்பசியில ஒரு மேகம் கிழிஞ்சு, ஊரே வெள்ளக்காடு. மிஷினைத் தண்ணித் தொட்டி மேல ஏத்தி, மேகத்தோட ரெண்டு ஓரத்தையும் இழுத்து வெச்சு ஒரே ஓட்டு. நின்னுபோச்சு மழை. மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்ட இடி மட்டும் ஒரு வாரம் அழுதுது."

சொல்லி வெச்சாப்புல வானத்துல டமார்னு ஒன்னு. அக்கா எந்திரிச்சுட்டாங்க. "அதா வருது பாருங்க, இதையும் தச்சிருங்க. முடியலைன்னா என்ற தார்ப்பாயையாவது தையுங்க."

வேற வழியில்லை. அர்த்தநாரி மிஷின்ல ஒக்காந்தாரு. தடதடன்னு ஓடுச்சு. இருவது அடி நீளத்துக்கு நாங்க தள்ளிக் குடுக்க, அவரு தச்சுத் தள்ளினாரு. அக்கா ரெண்டு ஓரத்தையும் புடிச்சு லேசா இழுத்தாங்க. நூல் அப்படியே உருவிட்டு வந்துருச்சு. துண்டு ரெண்டும் தனித்தனி. வரிசையா ஓட்டைதான் மிச்சம்.

அர்த்தநாரி மீசையைத் தடவினாரு. "இது கண்ணுக்குத் தெரியாத தையலு, அம்மணி. விழுந்திருக்குது. இழுக்கக் கூடாது."

மொத தூத்தல் தகரத்துல விழுந்துச்சு. லாரி மேல சோளம் அம்மணமாக் கெடக்குது.

"எந்திரிங்ண்ணா," அக்கா சொன்னாங்க. அவங்க கல்யாணத்துக்கு முன்ன எட்டு வருசம் பை தைக்கற கம்பெனியில மிஷின்ல இருந்தவங்கன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். ஒக்காந்து, குனிஞ்சு பாத்து, ஊசியைக் கழட்டித் திருப்பி மாட்டினாங்க. நூல் கோத்தாங்க. ஓட்டைக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு வரி. பத்து நிமிசத்துல மூட்டு பாறையாட்டம் நின்னுச்சு. நான் தொங்கிக்கூடப் பாத்தேன்.

"ஊசியைப் பின்முன்னா மாட்டியிருக்கறீங்க," எந்திரிச்சுக்கிட்டே சொன்னாங்க. "மத்தபடி நல்ல மிஷினு. அதுக்கு எண்ணெய் அளவா விட்டிருக்கறீங்க. வாய்க்குத்தான் அதிகமாயிருச்சு."

நாச்சிமுத்தும் லாரி மேல ஏறி, மூணு பேருமா தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடிக்கவும் கொட்டித் தீத்துருச்சு. ஒரு மணி சோளம் நனையலை. அக்கா மழையில நனைஞ்சுக்கிட்டே சிரிச்சாங்க. அவங்க சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

மறுநாள் டீக்கடைக்குப் போனா, அர்த்தநாரியைச் சுத்திப் பத்துப் பேரு. "ஊசியை வேணும்னேதான் திருப்பி மாட்டினேன். அந்த அம்மணிக்குத் தொழில் தெரியுமான்னு ஒரு பரிச்சை. பாஸ் பண்ணிட்டாங்க! பெருந்தன்மையா என்ற மிஷின்லயே தைக்க விட்டேன். தையல் விழுந்த அதிர்ச்சியிலதான் மழையே பேஞ்சுது." என்னைப் பாத்ததும் குரலு இன்னும் ஏறிருச்சு. "இதா, டிரைவரே வந்துட்டாப்ல! கேளுங்க. ஏப்பா, நீ கூடவே இருந்தயில்ல?"

"இருந்தனுங்ண்ணா," நான் சொன்னேன். "அதுதான் இப்ப உங்களுக்குச் சிக்கல்."