அதிர்கிற இடம்

"இந்தச் சத்தத்தை நிறுத்த வழி இருக்குதா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லு அம்மிணி."

லாரிக்காரர் வையாபுரி கேபினை விட்டு இறங்காமலே கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நாமக்கல் புறவழிச்சாலையில் லாரி கேபின்களுக்கு உள்வேலை செய்யும் பட்டறை அது. நடத்துபவள் ஜெயசீலி. வையாபுரியைவிட இருபத்திரண்டு வயது இளையவள். ஞானத்துக்கு வயது வரம்பு உண்டென்று எந்தச் சாத்திரமும் சொன்னதில்லை. வையாபுரிதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெயசீலி படியில் ஏறி, உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் நின்றது.

"இப்பச் சொல்லுங்ணா."

"என்னத்தைச் சொல்றது. பதினோரு வருசம் என்ற கூட மாத்தி மாத்தி ஓட்டுனவன் அர்த்தநாரி. என்ற சம்சாரத்தோட தம்பி. போன வாரம் சோலாப்பூர்ல பையத் தூக்கிட்டு இறங்கிப் போயிட்டான். நான் எந்நேரமும் கத்தறனாமா. இந்தத் தகர டப்பாவுக்குள்ள கத்தாமப் பேசுனா எவனுக்குக் கேக்கும்?"

சாலைக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வியாழக்கெழமை ஒரே ஒருக்கா வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கறான். அன்னிக்கும் இதே கதைன்னா வேற வண்டிக்குப் போயிருவானாம். அதுக்குள்ள சத்தம் நிக்கோணும்."

"எந்தச் சத்தம்?"

"உனக்குக் காது கேக்குதா, இல்லையா?"

"நல்லாக் கேக்குதுங்ணா," என்றாள் ஜெயசீலி.

கார்ப்பெட்டுக்குத் தமிழில் இரத்தினக் கம்பளம் என்று பெயர். வையாபுரியின் கேபினில் கிடந்ததில் இரத்தினமும் இல்லை, கம்பளமும் இல்லை. மிதிபடும் இடத்தில் நூல் பிரிந்து, மற்ற இடத்தில் எண்ணெய் குடித்து, ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்கும் நிலையில் இருந்தது.

ஜெயசீலி ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். அடியில் பஞ்சு ஈரம் சொட்டியது. அதற்கும் அடியில் தகரம் துருவேறிச் செதில் செதிலாக எழும்பி நின்றது.

"அது கெடக்குது. மேலயே அந்தக் கறுப்புப் பூச்சு ஸ்ப்ரேய அடிச்சு உடு. கறுப்பா ஆயிருச்சுன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

ஜெயசீலி அவர் கையில் ஒரு கம்பி பிரஷ்ஷை வைத்தாள்.

"இது எதுக்கு?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை.

வையாபுரி தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் திட்டினார். கார்ப்பெட் விற்றவனை, மழையை, சோலாப்பூரை, அர்த்தநாரியை, அர்த்தநாரியைப் பெற்றவர்களை, அவர்கள் தன் மாமனார் மாமியார் என்பது நினைவுக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. சாயங்காலம் துரு தீர்ந்தது. திட்டு தீரவில்லை.

மறுநாள் தகரம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. ஜெயசீலி மண்டியிட்டு, விரல் கணுவால் தட்டினாள்.

டிங்.

அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். கொஞ்சம் தள்ளித் தட்டினாள்.

டொக்.

அங்கே போடவில்லை.

தரை, கதவு, பின்சுவர் என்று எல்லாவற்றையும் தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுத் தட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு, வட்டம் விழுந்த இடங்களில் மட்டும் அதிர்வை அடக்கும் கறுப்பு ஷீட்டை வெட்டி ஒட்டி, உருளையால் அழுத்தினாள்.

"முழுக்க ஒட்டச் சொன்னா, கிழிஞ்ச டவுசருக்கு ஒட்டுப் போட்டாப்பல போட்டு வெச்சிருக்கற. முக்காவாசித் தகரம் அம்மணமாக் கெடக்குது. ஆரை ஏமாத்தற?"

"தட்டிப் பாருங்ணா."

தட்டினார். ஷீட் இருந்த இடத்தில் டொக். இல்லாத இடத்திலும் டொக்.

தப்பென்று தெரிந்த பிறகு வருகிற கோபம் தனி ரகம். அதற்கு நிற்க இடம் இல்லாததால் துள்ளிக்கொண்டே இருக்கும்.

"எனக்கே பாடமா? நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நாக்பூர் போயிட்டு வந்தவன் நான். தகரத்தைப் பத்தி எனக்கு நீ சொல்றியா? ஊருல எவனைக் கேட்டாலும் சொல்லுவான், வையாபுரி ஆருன்னு..."

ஜெயசீலி அசையாமல் நின்றாள். தகரத்தைக் கேட்டபோது சாய்த்தது போலவே தலையைச் சாய்த்து, அவர் பேசியதைக் கடைசிவரை கேட்டாள்.

பிறகு எட்டி, அவருடைய காக்கிச் சட்டையின் இடது பையில், சாக்பீஸ் நுனியால் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

"என்ன, லொள்ளா?"

அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு பூச்சு படாமல் இருக்க பிரேக், கிளட்ச் மிதிகட்டைகளுக்குக் காகிதம் சுற்றப் போய்விட்டாள். அன்று மதியம் ஸ்ப்ரே அடித்தாள். ஷீட், தகரம், மூலை, இடுக்கு எல்லாம் ஒரே கறுப்பில் மூடிக்கொண்டு, தேரை முதுகு மாதிரிச் சொரசொரப்பாக இறுகின. ஒரு நாள் முழுக்க யாரும் கால் வைக்கக் கூடாது என்றாள். வையாபுரி கால் வைக்கவில்லை. ஒரு நாள் முழுக்க வெளியில் நின்று திட்டினார்.

வியாழக்கிழமை காலை அர்த்தநாரி வந்தான். தோளில் மாட்டிய பையை இறக்கவில்லை.

"அக்கா அழுதுச்சு, அதுக்காக வந்தேன்," என்று ஜெயசீலியிடம் சொன்னான். மாமாவிடம் சொல்லவில்லை.

"டோல்கேட் வரைக்கும் ரெண்டு பேரும் போயிட்டு வாங்க," என்றாள் அவள். "கண்ணாடியை ஏத்தி உட்டுக்கங்க. பாட்டுப் போட வேண்டாம்."

வையாபுரி ஓட்ட, வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. எஞ்சின் ஓடியது, ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ மாவாட்டுவது போல. தரையில் அதிர்வு இல்லை. கதவு கடகடக்கவில்லை. பத்து நாளில் முதல் தடவையாக வையாபுரியின் முகம் மலர்ந்தது. ஜெயித்துவிட்டார்.

"என்ன மாப்ள, இப்பச் சத்தம் நின்னுச்சா?"

அந்தக் குரல் முன்கண்ணாடியில் மோதியது. பின்சுவரில் மோதியது. திரும்பி வந்து அவர் காதிலேயே இறங்கியது.

வையாபுரி திடுக்கிட்டார். யார் அது?

எஞ்சின் தன் பாட்டுக்கு மாவாட்டிக்கொண்டிருந்தது. ரேடியோ அணைந்திருந்தது. கேபினில் இன்னொரு ஆள் அர்த்தநாரி மட்டும்தான். அவன் வாயை மூடிக்கொண்டு சாலையையே பார்த்திருந்தான். அறை விழப்போகிறவன் போல வலது தோள் காதுவரை ஏறியிருந்தது. இடது கை கதவின் கைப்பிடியில் இருந்தது.

பதினோரு வருடமாக அந்தத் தோள் அப்படித்தான் இருந்ததா என்று வையாபுரிக்குத் தெரியவில்லை.

குனிந்து பார்த்தார். மூன்று நாளாக மாற்றாத சட்டையில் சாக்பீஸ் வட்டம் அப்படியே இருந்தது.

ஒரு கிலோமீட்டர் போனது. இரண்டு போனது. டோல்கேட் தெரிந்தது.

வையாபுரி ஏதோ சொன்னார்.

அர்த்தநாரி திரும்பினான். தோள் கொஞ்சம் இறங்கியது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்க வேண்டியிராததைக் கேட்டான்.

"என்னங்க மாமா? கேக்கலை."