தனகோடியின் முழங்கால்

சீசன் தொடங்க இருபத்து மூன்று நாள் இருந்தது. மொத்தம் பதினோரு நிகழ்ச்சி. முதல் இரண்டு புதுச்சேரியில், அப்புறம் சென்னை, கோவை, கொச்சி, கடைசியாகக் கொழும்பு. எங்கள் அலைக்கரை பாலே குழுவுக்கு ஒரே சீசனில் இத்தனை ஊர் கிடைத்தது அதுதான் முதல் தடவை. நான் அந்தக் குழுவில் பியானோ வாசிக்கிறவன். பெயர் லூர்து. எனக்கு ஆடத் தெரியாது. ஆடுகிறவர்களைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டு திரிகிற ஆளும் இல்லை. ஆனால் இந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தால் எனக்குச் சோறு செரிக்காது.

பாலே என்றால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்கு, ‘கட்டைவிரல் நுனியில நின்னு ஆடுவாங்களே, அதுதானே’ என்கிற அளவுக்குத்தான் தெரியும். அவ்வளவு தெரிந்தால் போதும். எங்கள் ஆட்களை அப்படி நுனியில் நிற்க வைத்தவர் மதலேன் டீச்சர். வயது அறுபத்தொன்று. இடுப்பில் ஒரு கோளாறு, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. நான் ரொம்ப வேகமாக வாசிக்கிறேனா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கையைப் பிடித்து பீச் ரோட்டுக்குக் கூட்டிப்போய், அரை மணி நேரம் நடக்க வைத்துவிட்டு, பசிக்கிறதா என்று மட்டும் கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நிதானமாக வாசிக்கிறேன்.

எந்த ஊரில் ஆடினாலும் நாங்கள் கடைசியாகப் போடுவது ‘மேகம்’. டீச்சர் அமைத்தது. கடலில் பிறந்த மேகம் கரைக்கு வந்து, அலைந்து, கடைசியில் மழையாகி மண்ணில் விழும். மேகம் அமுதவல்லி. மண் தனகோடி. ஆறு வருஷமாக இதே ஜோடிதான்.

அந்த விழுகை இருக்கிறதே, ஜனங்கள் அதற்காகத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். அமுதவல்லி நுனிக்காலில் மூன்று சுற்றுச் சுற்றி நிற்பாள். கை இரண்டும் மேலே இருக்கும். அப்படியே முழங்கால் மடங்காமல், முதுகு வளையாமல், பின்பக்கமாகச் சாய்ந்து விழுவாள். அவள் தலை தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும்போது தனகோடி பிடிப்பான். அரங்கத்தில் ஒருத்தர்கூட மூச்சு விடமாட்டார்.

இடையில் அமுதவல்லிக்குப் பிள்ளை பிறந்தது. ஒன்றரை வருஷம் ஆடாமல் இருந்துவிட்டு, இந்த சீசனுக்காகத் திரும்பி வந்தாள். வந்த அன்றே தனகோடி அவளிடம் கேட்ட முதல் கேள்வி, இப்போது எத்தனை கிலோ என்பது. அவள் முகம் செத்துப்போய்விட்டது. சொன்னாள், ஆனால் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. தனகோடிக்கு வாய் சாமர்த்தியம் கிடையாது. நாற்பத்து மூன்று வயது, பாகூர்ப் பக்கம். அவன் ஒரு நாளில் பேசுவதை ஒரு தீப்பெட்டி மேல் எழுதிவிடலாம்.

நாள் போகப்போக ஒன்று கவனித்தேன். விழும்போது அமுதவல்லியின் கழுத்து லேசாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. பின்னால் ஆள் இருக்கிறானா என்று பார்க்கிற திரும்பல். கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் முதுகு வளையும். அப்புறம் அது மழை இல்லை, படியில் வழுக்கின ஆள். டீச்சர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலைப் பயிற்சி முடிந்ததும் ஆடுகிறவர்கள் ஒரு காலைப் பின்னால் வைத்து, தலை தாழ்த்தி, முதலில் டீச்சருக்கும் அடுத்து பியானோக்காரனான எனக்கும் கடைசியில் தங்கள் ஜோடிக்கும் வணக்கம் செய்ய வேண்டும். அன்று அமுதவல்லி டீச்சருக்குச் செய்தாள், எனக்குச் செய்தாள். தனகோடி காத்துக்கொண்டு நிற்க, அவனைத் தாண்டி நேராக டீச்சரிடம் போனாள்.

ஜோடியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். தனகோடி அண்ணன் பிடிப்பதற்குத் தாமதமாக வருகிறார் என்றாள். விழுகிற வழி முழுக்க முதுகில் யார் கையும் இல்லை, தரையை நெருங்கும்போது தொப்பென்று அவர் முழங்கால் மோதுகிற சத்தம் கேட்கிறது, அதற்கப்புறம்தான் கை வருகிறது, ஓடி வந்து அவசரத்தில் பிடிக்கிறார் என்றாள். முன்னே இதெல்லாம் தோன்றவில்லை, இப்போது வீட்டில் பதினான்கு மாசக் குழந்தை இருக்கிறது, கழுத்துக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள் என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

அவள் அழுததற்குக் காரணம் இன்னொன்றும் இருந்தது. சனிக்கிழமை சீசனுக்கான பட்டியல் அச்சுக்குப் போகிறது. தனகோடிக்கு இருக்கிற ஒரே வேஷம் அந்த மண். அதுவும் போனால் பட்டியலில் அவன் பெயர் இராது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு சீசன் விட்டவனை அடுத்த சீசனுக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். இது அவளுக்கும் தெரியும், நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்த தனகோடிக்கும் தெரியும். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

டீச்சர் அன்றே ரோஷனை வைத்துப் பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்தவன், இருபத்தாறு வயது, நல்ல உயரம், நல்ல பலம். அமுதவல்லி சாயத் தொடங்கியதுமே இடுப்பை இறுக்கிப் பிடித்து, பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தான். அவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எனக்கோ, ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கட்டிலில் படுக்க வைப்பது மாதிரி இருந்தது. ரோஷனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம், அவன் நல்லபடியாகத்தான் பிடித்தான்.

நாளைக் காலை பயிற்சிக்கு முன்னால் அமுதவல்லியும் தனகோடியும் வரட்டும், அப்போது முடிவு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார். என்னையும் வரச் சொன்னார்.

மறுநாள் நாங்கள் நாலு பேர்தான். ஜன்னலைத் திறந்ததும் துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று வந்தது. அமுதவல்லி இரவு தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. டீச்சர் உட்காருவதற்குள் கேட்டுவிட்டாள்.

“டீச்சர், என்னைப் பிடிக்க ஒருத்தர் இருக்கார்னு எனக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் அவளைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“லூர்து, எழுந்திரு. உன் ஸ்டூலை அவளுக்குக் குடு.”

எழுந்தேன். பியானோ பயிற்சிக்கூடத்தின் ஓரத்தில், பக்கவாட்டில் இருக்கிறது. எதிரே கண்ணாடி, நேர் முன்னால் கைபேசியை நிறுத்திப் படம் எடுக்கிற கம்பி. அமுதவல்லி ஆறு வருஷமாகத் தன் விழுகையைப் பார்த்ததெல்லாம் அந்தக் கண்ணாடியிலும் அந்தப் படத்திலும்தான். இரண்டிலும் அவள்தான் தெரிவாள். என் ஸ்டூலில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். தனகோடிக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றார். என்ன செய்யப் போகிறார் என்று புரிந்ததும் நான் ஓர் அடி முன்னால் வந்துவிட்டேன். அறுபத்தொரு வயது, அந்த இடுப்பு.

“வேணாம் டீச்சர்,” என்றான் தனகோடி.

“அறுபத்தெட்டு கிலோ,” என்றார் டீச்சர்.

தனகோடி கொஞ்சம் யோசித்தான். இடது காலை அரை அடி பின்னால் வைத்தான். தலையாட்டினான். ஸ்டூலில் இருந்த அமுதவல்லி அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கையை உயர்த்தினார், விழுந்தார். தொப்பென்று முழங்கால் சத்தம். தலை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

படுத்த வாக்கில் டீச்சர் கேட்டார். “என்ன பார்த்தே?”

“உங்களை டீச்சர். முதுகு வளையவே இல்லை.”

தனகோடி அவரைத் தூக்கி நிறுத்தினான். மறுபடி விழுந்தார்.

“என்ன கேட்டே?”

“முழங்கால் சத்தம்.”

“எப்போ?”

“நீங்க நிக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி.” அவள் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தாள். “ஓடி வரல டீச்சர். இங்கேருந்து பார்த்தா அவர் ஓடியே வரல.”

“என்னைப் பார்க்கிறதை நிறுத்து,” என்று சொல்லிவிட்டு டீச்சர் மூன்றாவது தடவை விழுந்தார்.

இந்தத் தடவை அமுதவல்லி கையைப் பார்த்தாள்.

டீச்சரின் கால்விரல் தரையை விடுவதற்கு முன்னாலேயே தனகோடியின் கை அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. தொடவில்லை. முதுகுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம். முதுகு சாயச் சாயக் கையும் சாய்ந்தது, இறங்க இறங்கக் கையும் இறங்கியது. அவனும் கூடவே மடங்கி மடங்கிக் கீழே வந்தான். வழி முழுக்க அந்த ஒரு விரல் இடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கடைசியில் அவன் முழங்கால் தரையில் மோதியது. முழங்கால் ஊன்றினதால் கை நின்றது. கை நின்றதால் டீச்சரின் முதுகு அதில் வந்து உட்கார்ந்தது.

நான் இதை ஆறு வருஷமாக அந்த ஸ்டூலிலிருந்து பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தேன். யாருக்காக அந்தக் கை போகிறதோ அவளுக்கு மட்டும் தெரியாது என்று என் மரமண்டைக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அமுதவல்லி ஸ்டூலைவிட்டு எழுந்து தனகோடியிடம் வந்தாள்.

“தொட்டுக்கிட்டே வந்திருக்கலாமே அண்ணே?”

“தொட்டா நீ சாஞ்சுக்குவே,” என்றான் அவன். “அப்புறம் விழமாட்டே.”

குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னான். அமுதவல்லி அவன் காலருகில் உட்கார்ந்துவிட்டாள். அவன் போட்டிருந்த பேன்ட்டின் இடது முழங்கால் தேய்ந்து நூல்நூலாகத் தொங்கியது, உள்ளே தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. அவள் அதைத் தொடப் போனாள். தனகோடி கூச்சப்பட்டு இரண்டடி பின்வாங்கி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் பாட்டிலைத் தேடினான். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நேற்று அழுத அழுகை இல்லை இது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். இப்படிப்பட்ட மனிதர்களுக்கு நடுவே உட்கார்ந்து வாசிக்கிற பாக்கியத்தை எனக்குக் கொடுத்த ஆண்டவனை அந்த நிமிஷத்தில் நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் இடுப்பைப் பிடித்தபடி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைப் பட்டியலைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஆறு வருஷம் டீச்சர். எத்தனை மேடை. ஒரு தடவைகூட நான் அந்தக் கையைப் பார்த்ததில்லை. நேத்து வேற இவரை வேணாம்னு சொன்னேன். இவருக்கு நான் எப்படி நன்றி சொல்றது?”

டீச்சர் செருப்பை மாட்டினார். எனக்குக் கையைக் காட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, ‘மேக’த்தின் கடைசிப் பகுதிக்கு விரலை வைத்தேன்.

“எழுந்து போய் நில்லு,” என்றார் டீச்சர். “திரும்பிப் பார்க்காம விழு.”